ஆறாம் அத்தியாயம்: ஆன்லைன் கேமுக்கு ஒரு லேப்டாப், கைக்கு அடங்கும் விலையில்

கடைக்குக் கிளம்பும் முன்பு ஒரு தாளில் நீங்கள் தினமும் ஆடப்போகும் கேமின் பெயரை எழுதுங்கள். ஒன்று போதும், மூன்றுக்கு மேல் வேண்டாம். "எல்லா கேமும் ஓடணும்ணா" என்று கடையில் போய் நின்றால், விற்பவர் உங்களிடம் இருக்கும் பணத்துக்கு ஒரு லேப்டாப்பை எடுத்து வைப்பார். கேம் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பேச்சு சரியான இடத்தில் தொடங்கும்.

ஆன்லைனில் கூட்டமாக ஆடும் பல கேம்கள் உண்மையில் கனமானவை அல்ல. ரயட் நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வேலரண்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 144 ஃபிரேம் கிடைக்க அந்த நிறுவனம் குறிப்பிட்ட கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. அது 2016-ல் சந்தைக்கு வந்த கார்டு. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடினால்தான் ஆட ஆள் சேரும் என்று திட்டமிட்டே இப்படிச் செய்கிறார்கள். டோட்டா 2, லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் இரண்டும் இதே வகை. 2023-ல் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2 இவற்றைவிட ஒரு படி கனம். முந்தைய பதிப்பு ஓடிய லேப்டாப்பில் இது தடுமாறும். வார்சோன் மாதிரியானவை மூன்றாம் வகை. அவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ ஆடுவதற்காக லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு என் பதில் நேரடியானது: வாங்காதீர்கள். அது போனுக்காகச் செய்த கேம், அதற்கு விண்டோஸ் பதிப்பு கிடையாது. எமுலேட்டரை நம்பி அறுபதாயிரம் ரூபாயைப் போடுவது சரியல்ல. பப்ஜியைக் கம்ப்யூட்டரில்தான் ஆட வேண்டும் என்றால், பப்ஜி பேட்டில்கிரவுண்ட்ஸ் 2022 ஜனவரியில் இருந்து இலவசம். ஆனால் அது கனமான கேம்.

பெற்றோர் இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை "ஆன்லைன் கேம்" என்று சொன்னதும் உங்கள் மனதில் ரம்மி வருவது நியாயமான பயம்தான். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை விதித்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் கேம்கள் இரண்டாவது வகை. இவற்றிலும் துப்பாக்கிக்கு நிறம் மாற்ற, உடை மாற்ற என்று காசு கேட்பார்கள். அதற்கு வீட்டில் ஒரு வரம்பு வைத்துவிடுங்கள்.

கார்டின் பெயரும் அதன் வாட்டும்

கேமிங் லேப்டாப்பில் பணம் அதிகம் போகும் இடம் கிராபிக்ஸ் கார்டு. அதிகம் ஏமாறும் இடமும் அதுதான். லேப்டாப்பின் மேல் 'ஆர்டிஎக்ஸ் 4050' என்று ஸ்டிக்கர் இருக்கும். பக்கத்தில் ஆறாயிரம் ரூபாய் குறைவாக இன்னொரு லேப்டாப், அதிலும் அதே ஸ்டிக்கர். இரண்டும் ஒன்றுதானே என்று குறைந்த விலையை எடுப்போம். ஒன்றல்ல. லேப்டாப்புக்கான 4050 கார்டை 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ள, கார்டைச் செய்யும் என்விடியா லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு இடம் தருகிறது. 3050-க்கு அந்த வரம்பு 35 முதல் 80 வாட். சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை இரண்டில் வைத்தாலும் ஐந்தில் வைத்தாலும் ஃபேன் அதே ஃபேன்தான், ஆனால் காற்று வேறு. மெல்லிய லேப்டாப்பில் சூட்டை வெளியேற்ற இடம் இல்லாததால் கார்டைக் குறைந்த வாட்டில் அடக்கி வைக்கிறார்கள். அதை ஸ்டிக்கரில் எழுதுவதில்லை.

எங்கே பார்ப்பது? தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில், அந்த மாடலின் முழு விவரப் பட்டியலில், சின்ன எழுத்தில் 'அதிகபட்ச கிராபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி இருக்கும். ஷாப்பிங் தளத்தில் அந்த வரியை விட்டுவிடுவார்கள். கடையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து என்விடியா கண்ட்ரோல் பேனலுக்குள் போய், சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அங்கேயும் வாட் தெரியும்.

அதுவும் முடியாவிட்டால் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் 20 வோல்ட், 8.5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 170 வாட். கார்டுக்கு 100 வாட், ப்ராசஸருக்கு 45 வாட், திரைக்கும் மற்றவற்றுக்கும் கொஞ்சம் என்று கணக்குப் போட்டால் அந்த சார்ஜர் தாங்கும். 120 வாட் சார்ஜர் கொடுத்திருந்தால் உள்ளே இருக்கும் கார்டு முழு வேகத்தில் ஓடப்போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம். கனமான சார்ஜர் பையில் தூக்கத் தொல்லைதான். ஆனால் இந்த விலையில் அந்தக் கனம் நல்ல அறிகுறி.

என் கணக்கு இதுதான். 4050 வாங்கினால் 75 வாட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். 100 வாட்டைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும், எனவே அங்கே கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். கார்டுக்குள் இருக்கும் மெமரியையும் கேளுங்கள். 4 ஜிபி வேலரண்ட்டுக்கும் டோட்டாவுக்கும் தாராளம். புதிதாக வரும் பெரிய கேம்களுக்குப் போதாது. 3050 கார்டு 4 ஜிபியிலும் 6 ஜிபியிலும் விற்கிறது, பெயர் ஒன்றேதான். 6 ஜிபிக்கு ஓரிரு ஆயிரம் கூடுதல் என்றால் கொடுக்கலாம்.

ஆர்டிஎக்ஸ் 2050 என்று ஒன்று விலை குறைவாகத் தென்படும். 30 முதல் 45 வாட்டுக்குள் ஓடும் சின்ன கார்டு அது. தாளில் வேலரண்ட் மட்டும் எழுதியிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வார்சோன் எழுதியிருந்தால் இன்னும் சில மாதம் காசு சேர்த்து மேலே போங்கள்.

ப்ராசஸர்: எண்ணைவிட எழுத்து முக்கியம்

"இதுல 10 கோர் இருக்கு தம்பி, அதுல 8 கோர்தான்" என்று கடையில் சொல்வார்கள். சொல்வது பொய் இல்லை. இன்டெல் ஐ5-1235யூ சிப்பில் 10 கோர், ஐ5-12450எச் சிப்பில் 8 கோர். ஆனால் முதலாவதில் வேகமான கோர் இரண்டுதான், மீதி எட்டும் மின்சாரம் மிச்சம் பிடிக்க வைத்தவை. இரண்டாவதில் வேகமான கோர் நான்கு. முதலாவதின் அடிப்படை அளவு 15 வாட், இரண்டாவதுக்கு 45 வாட். கேமுக்கு 8 கோர் சிப்தான் சரி. பெயரின் கடைசியில் 'யூ' இருந்தால் அலுவலக வேலைக்கு, 'எச்' அல்லது 'எச்எக்ஸ்' இருந்தால் கேமுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி ரைசனில் இன்னொரு கவனம் வேண்டும். 7000 வரிசையில் முதல் எண் அது எந்த ஆண்டு மாடல் என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது எண் சொல்லும். 7520யூ என்பதில் மூன்றாவது எண் 2, அதாவது 2019-ல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு. 7535எச்எஸ் மூன்றாம் தலைமுறை, 7640எச்எஸ் நான்காம் தலைமுறை. மூன்றும் ஒரே அலமாரியில் '7000 சீரிஸ்' என்ற பெயரில் நிற்கும். போட்டி கேம்களில் நொடிக்கு 150, 200 ஃபிரேம் வேண்டும் என்றால் கார்டைப் போலவே ப்ராசஸரும் வேலை செய்கிறது. அதனால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஐ7-க்கு மட்டும் ஆசைப்படாதீர்கள். ஐ5-ல் இருந்து ஐ7-க்குக் கொடுக்கும் பணத்தைக் கார்டில் போடுங்கள்.

ராம்: ஒன்றா, இரண்டா

16 ஜிபி வேண்டும். விண்டோஸ், டிஸ்கார்ட், பின்னால் திறந்திருக்கும் குரோம் எல்லாம் சேர்ந்து 8 ஜிபியில் பாதிக்கு மேல் தின்றுவிடும். ஆனால் எத்தனை ஜிபி என்பதோடு விஷயம் முடிவதில்லை. ஒரே 16 ஜிபி குச்சியாக இருப்பதைவிட இரண்டு 8 ஜிபி குச்சிகளாக இருந்தால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவில் இரண்டு பாதை திறக்கிறது. தனி கார்டு இல்லாமல் ப்ராசஸரோடு வரும் கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இது மிகப் பெரிய வித்தியாசம், ஏனென்றால் அந்த கிராபிக்ஸ் தன் மெமரிக்கும் இதே ராமைத்தான் நம்பியிருக்கிறது. தனி கார்டு இருந்தாலும், திடீர் திடீரென்று ஒரு நொடி சிக்கி நிற்பது இரண்டு குச்சி போட்டதும் குறைவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

கடையிலேயே பார்த்துவிடலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2' என்று வந்தால் இன்னொரு குச்சி செருக இடம் இருக்கிறது. ராமை போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய லேப்டாப் என்றால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும்போதே 16 ஜிபியாக வாங்குங்கள். 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்பது முன்பு நல்ல யோசனையாக இருந்தது. 2025-ன் கடைசியில் இருந்து ராம் விலை கடுமையாக ஏறியதால், இரண்டு வழியிலும் விலையைக் கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

எஸ்எஸ்டி 512 ஜிபி குறைந்தபட்சம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே 85 ஜிபி இடம் கேட்கிறது. இரண்டாவது எஸ்எஸ்டி போட ஸ்லாட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் வேறு யோசனை தேவையில்லை.

திரை

144 ஹெர்ட்ஸ் திரை இப்போது விலை குறைந்த கேமிங் லேப்டாப்பிலும் வந்துவிட்டது. 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் மாற 16.7 மில்லி செகண்ட் ஆகும். 144-ல் 6.9. மூலையில் இருந்து எதிரி தலையை நீட்டும் விளையாட்டில் அந்த வித்தியாசத்தைக் கண் உணரும். அதனால் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆனால் விலை குறைக்கிறவர்கள் திரையில்தான் முதலில் கை வைக்கிறார்கள். '45% என்டிஎஸ்சி, 250 நிட்ஸ்' என்று விவரத்தில் இருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் இருட்டான இடத்தில் நிற்கும் எதிரி தெரிய மாட்டான். '100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸ்' கிடைத்தால் நல்லது. படிப்புக்கும் படம் பார்க்கவும் இதே திரைதான் என்பதால், விளக்கு எரியும் கீபோர்டை விட்டுக்கொடுத்தாவது இதை வாங்குவேன். 'மக்ஸ் ஸ்விட்ச்' இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத லேப்டாப்பில் கார்டு வரைந்த படம் ப்ராசஸரின் கிராபிக்ஸ் வழியாகச் சுற்றித்தான் திரைக்கு வரும். ஃபிரேம் எண்ணிக்கை உயரும்போது அந்தச் சுற்று வழி வேகத்தைக் குறைக்கும்.

சூடு

நம் ஊரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேப்டாப்பை எந்த வெப்பநிலையில் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர்கள் எழுதும்போது பெரும்பாலும் 35 டிகிரி என்பதை உச்சமாக எழுதுகிறார்கள். வேலூரிலும் திருச்சியிலும் மே மாத மதியம் வீட்டுக்குள்ளேயே அதைத் தாண்டிவிடும். சிப் சூடு ஏறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைக்கும். முதல் மேட்ச் நன்றாக ஓடி மூன்றாவது மேட்சில் லேக் ஆகிறது என்றால், நெட்டைத் திட்டும் முன்பு அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள்.

எனவே ஃபேன் இரண்டு இருக்கிற, பின்பக்கமும் பக்கவாட்டிலும் காற்று வெளியேறும் வழி இருக்கிற, கொஞ்சம் தடியான லேப்டாப்பாகப் பாருங்கள். இரண்டேகால் கிலோ எடை இந்த விலையில் குறை அல்ல. மெத்தை மேல் வைத்து ஆடவே கூடாது, அடியில் காற்று உறிஞ்சும் துளைகளைத் துணி மூடிவிடும். மேஜையில் வைத்துப் பின்பக்கத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினாலே பலன் தெரியும். கேமுக்குள் ஃபிரேம் வரம்பை 144-ல் நிறுத்தி வையுங்கள். திரை காட்ட முடியாத 250 ஃபிரேமை வரைந்து கார்டு வீணாகச் சூடாக வேண்டாம்.

பேட்டரியில் ஆடலாம் என்ற கணக்கு வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கியதும் கார்டின் வாட் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். கரண்ட் போனால் லேப்டாப் அணையாது, ஆனால் ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். ரேங்க் மேட்ச் நடுவில் வெளியேறித் தடை வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

லேப்டாப் சரிசெய்ய முடியாதது

இரண்டு லட்சம் ரூபாய் லேப்டாப் வாங்கினாலும் பிங் குறையாது. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. வேலரண்ட்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. சென்னையில் இருந்து நேர்கோட்டில் சுமார் ஆயிரம் கிலோமீட்டர், போய் வர இரண்டாயிரம். அதற்கு மட்டுமே 10 மில்லி செகண்ட் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் பல இடங்களில் நின்று திரும்பும், எனவே நடைமுறையில் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு வால்வ் நிறுவனம் மும்பையோடு சென்னையிலும் சர்வர் வைத்திருக்கிறது. அதனால் சென்னைப் பையன்களுக்கு அதில் பிங் நன்றாகக் கிடைக்கும்.

இங்கே லேப்டாப் வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பக்கவாட்டில் லேன் கேபிள் செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பத்து மீட்டர் கேபிள் வாங்கி ரவுட்டரில் இருந்து நேராக இழுத்துவிட்டால், பக்கத்து வீட்டு வைஃபைகளோடு மோதும் தொல்லை இல்லை. பிங் 30-ல் இருந்து திடீரென்று 200-க்குத் தாவும் பிரச்சினை பெரும்பாலும் அத்தோடு தீரும். கேபிள் இழுக்க முடியாத வாடகை வீடு என்றால் ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள், ஆனால் நடுவில் ஒரு சுவருக்கு மேல் இருந்தால் அது பலவீனமாகிவிடும்.

பணம், புதியது, பழையது

விலை மாதாமாதம் மாறுகிறது, ஆனால் வரிசை மாறுவதில்லை. தனி கார்டு இல்லாத நல்ல ரைசன் அல்லது கோர் லேப்டாப் ஐம்பதாயிரத்தை ஒட்டி. 2050, 3050 கார்டுகள் அதற்கு மேலே. 4050 எழுபது, எண்பதாயிரத்தைச் சுற்றி. கையில் 70,000 இருந்தால் 70,000-க்கு லேப்டாப் வாங்காதீர்கள். நல்ல வயர் மவுஸ், ஹெட்செட், லேன் கேபிள் இவற்றுக்கு மூவாயிரத்தை முதலிலேயே எடுத்து வையுங்கள். டச்பேடில் யாரும் குறி பார்க்க முடியாது.

புது வரிசை கார்டு அறிமுகமான பிறகு பழைய வரிசை லேப்டாப்பைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதுதான் நமக்கான நேரம். தீபாவளியை ஒட்டிய ஆன்லைன் விற்பனையும், ஜூன், ஜூலையில் கல்லூரி திறக்கும் நேரத்துச் சலுகைகளும் அடுத்த வாய்ப்பு. விண்டோஸ் இல்லாமல் விலை குறைத்து விற்பதை வாங்கி, திருட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆக்டிவேட்டர்களோடு வரும் வைரஸ் கேம் அக்கவுண்டைத் திருடிக்கொண்டு போன கதைகள் நிறைய உண்டு.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப்கள் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். முப்பதாயிரத்துக்குள் வேண்டும் என்றால் அதுவும் நல்ல வழிதான். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஓட இன்டெல்லில் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வேலரண்ட்டில் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் வான்கார்ட் என்ற காவல் மென்பொருள், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இயங்காவிட்டால் ஆடவே விடாது. எனவே ஏழாம் தலைமுறை ஐ7-ஐ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650 கார்டு உள்ள லேப்டாப் நல்ல நிலையில் கிடைத்தால் போட்டி கேம்களுக்கு இன்றும் போதும்.

கடையில் அரை மணி நேரம்

பழையது என்றால் இந்தச் சோதனை கட்டாயம். டெமோ லேப்டாப் வைத்திருக்கும் கடையில் புதியதற்கும் கேட்டுப் பாருங்கள். "அண்ணா, ஒரு மேட்ச் ஓட்டிப் பாக்குறேன்" என்று சொன்னால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். சார்ஜரைச் செருகி, உங்கள் கேமையோ இலவசமாகக் கிடைக்கும் பெஞ்ச்மார்க் ஒன்றையோ அரை மணி நேரம் ஓடவிடுங்கள். திரையின் மூலையில் ஃபிரேம் எண்ணிக்கையை வரவையுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் 120 காட்டியது இருபத்தைந்தாவது நிமிடத்தில் 110 காட்டினால் நல்ல லேப்டாப். 70-க்கு விழுந்தால் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம், கும்பிட்டு வெளியே வந்துவிடுங்கள். ப்ராசஸர் 90 டிகிரியைத் தொடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கேமிங் லேப்டாப்பில் அது சாதாரணம். டபிள்யூ, ஏ, எஸ், டி எழுத்துகளின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். ஆடும்போது இடது கை நாள் முழுக்க இருக்கப்போகும் இடம் அது. விரல் சுட்டால் அந்த வடிவமைப்பு சரியில்லை.

பழைய லேப்டாப்பில் விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் இருந்த கொள்ளளவையும் இப்போதைய கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். மூடியை மெதுவாகத் திறந்து மூடி, கீல் கிறீச்சிடுகிறதா, பிளாஸ்டிக் பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பக்கத் திருகில் ஒன்று குறைந்தாலும் யாரோ திறந்திருக்கிறார்கள் என்று பொருள். ஏன் என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாரண்டிக்கு அந்தத் தாள்தான் சாட்சி. பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும், அடிப்பக்கம் ஒட்டியிருப்பதும், பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் வாரண்டி எந்தத் தேதியில் இருந்து ஓடுகிறது என்று தெரியும். கடை அலமாரியில் நான்கு மாதம் தூங்கிய லேப்டாப்புக்கு அந்த நான்கு மாதம் கழிந்திருந்தால், பில்லைக் காட்டித் தேதியை மாற்றித்தரச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் அதே தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை முதல் டேப்பை வெட்டுவதில் இருந்து வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஏழு நாளோ பத்து நாளோ, அதற்குள் மேலே சொன்ன அரை மணி நேரச் சோதனையை வீட்டிலேயே செய்யுங்கள். திரை முழுவதும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக வைத்து அணைந்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று, விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.